உண்ணாவிரத நூடுல்ஸ்

மனிதன் வாயில் போட்டுக்கொள்ளும் பொருள்கள் எல்லாம் இரண்டே வகைதான் என்று ஐம்பத்தாறாம் வருஷம் பெங்களூரில் சர்க்கார் தீர்மானித்தது. ஒன்று சைவம், இன்னொன்று அசைவம். இந்த உண்மையை நிலைநாட்டுவதற்காக ஆகார வகைப்பாட்டு இலாகா என்று ஒன்று ஏற்பட்டது. அதற்கு ஒரு டைரக்டர், இன்ஸ்பெக்டர்கள், குமாஸ்தாக்கள், ஒரு தண்ணீர்ப் பானை எல்லாம் சாங்ஷன் ஆயின. ஊரில் உள்ள ஒவ்வொரு ஓட்டலும் மாதக் கடைசிக்குள் சைவமென்றால் பச்சைப் பலகையும், அசைவமென்றால் சிவப்புப் பலகையும் வாங்கி மாட்டவேண்டும். இரண்டும் இல்லாத கடையை இழுத்து மூடிவிடுவார்கள்.

கறிக்கடைகள் நிறைந்த மர்பி டவுன் வட்டாரத்துக்குப் போக எந்த இன்ஸ்பெக்டரும் முன்வரவில்லை. ஆகவே அன்று லீவில் இருந்த வைத்தீஸ்வரனுக்கு அதை ஏகமனதாக ஒதுக்கினார்கள்.

வைத்தீஸ்வரன் மல்லேஸ்வரத்துக்காரர். அவர் தகப்பனார் மகாராஜா காலத்துச் சிரஸ்தார். இவரோ டிபன் காரியரில் தயிர்சாதமும் நார்த்தங்காயும் இல்லாமல் வாசற்படி தாண்டாதவர். அப்பேர்ப்பட்டவர் ஒரு மழைநாளில், குடையை மடக்கிக்கொண்டு, மர்பி டவுனில் தியோடர் என்பவருடைய கடைக்குள் நுழைந்தார். தியோடர் சீனர். சப்பை மூக்கு, இடுங்கிய கண்கள், தோளில் ஈரத்துண்டு.

"வாங்க சார், உக்காருங்க. இன்னா சமாச்சாரம்?" என்றார் தியோடர்.

வைத்தீஸ்வரன் திடுக்கிட்டார். "தமிழ் பேசறேளே!"

"பின்ன இன்னா சார் பேசறது? பொறந்தது இதே தெருவு. எங்கப்பாதான் சீனாவுலேர்ந்து வந்தாரு. நான் ஜோலார்பேட்டை தாண்டினது இல்ல."

"சரி. பலகை விஷயமா வந்திருக்கேன். உமக்குச் சிவப்பு. வாசல்லேயே மீன்னு எழுதியிருக்கே."

"ஐயோ, அது மீன் இல்ல சார்! எங்கப்பா பாஷையில மீன்னா மாவு இழை. சுங்யௌ மீன். வெங்காயத்தாள் போட்டுக் காய்ச்சின எண்ணெய ஊத்திப் பெரட்டின மாவு இழை. மீனே இல்லாத மீன்."

உள்ளிருந்து அவர் மனைவி பிரிஜெட் எட்டிப் பார்த்தாள். அதே தெருவில் நாலு வீடு தள்ளிப் பிறந்த தமிழச்சி. "நான் அப்பவே தலைபாடா அடிச்சுக்கினேன் சார், நூடுல்ஸ்னு எழுதுய்யான்னு. அப்பன் வெச்ச பேருன்னு புடிச்சிக்கினு தொங்குறாரு."

"சீனாக்காரா கடையிலே சைவமா? யார் நம்புவா?"

"நீங்களே பாத்துக்கங்க சார். மைதா, உப்பு, தண்ணி. மேல நல்லெண்ணெய், வெங்காயத்தாள், துளி இஞ்சி, சோயாச் சாறு. அவ்ளோதான். எங்கப்பா வந்த புதுசுல கறி வாங்கக் கையில காசில்ல. அப்படியே பழகிப்போச்சு. இந்தக் கடையில வேற அயிட்டமே கெடையாது."

விதிப்படி மாதிரி எடுத்துப் பரிசோதிக்கவேண்டும். வைத்தீஸ்வரன் கண்ணை மூடி, குலதெய்வத்தை நினைத்து, ஓர் இழையை நாக்கில் வைத்தார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே, கருகக் காய்ந்த வெங்காயத்தாளின் வாசனை மூக்கு வழியாக ஏறி, சிரஸ்தார் வம்சத்தின் உச்சந்தலையில் போய் உட்கார்ந்தது. இழை வழுக்கிக்கொண்டு போயிற்று. அவருடைய நாக்கு ஐம்பது வருஷமாகத் தன்னிடம் யாரோ எதையோ மறைத்துவிட்டது போலப் பதறியது. ஒரு மாதிரி போதாது என்று ஒரு தட்டு கேட்டார். பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இன்னொரு தட்டு. மூன்றாவதுக்குக் காரணம் சொல்லவில்லை.

"பச்சைப் பலகை வந்தாச்சுன்னே வெச்சுக்கோங்கோ," என்று சொல்லிவிட்டு, குடையை மறந்துவிட்டு மழையிலேயே நடந்தார்.

டைரக்டர் சேஷகிரி சாதாரண மனிதர் அல்ல. விதிமுறைகளைத் தாமே எழுதி, தாமே அவற்றைப் படித்து, தாமே வியந்தவர். வைத்தீஸ்வரனின் குறிப்பைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

"இதிலே பால் இருக்கா?"

"இல்லை சார்."

"தயிர்? நெய்? வெண்ணெய்?"

"ஒண்ணும் இல்லை சார். சுத்தம்."

"அப்போ இது எப்படி ஐயா சைவம்? விதி நாலைப் படியும். 'சைவ ஆகாரமாவது பால், தயிர், நெய், வெண்ணெய் இவற்றில் ஒன்றேனும் சேர்ந்ததும் மாமிசம் சேராததுமாகிய ஆகாரம்.' தயிர் இல்லாமே ஒரு மனுஷன் சாப்பிட்டு எழுந்திருப்பானா? அதை யோசிச்சுத்தான் எழுதினேன்."

"அப்போ அசைவம்னு வெச்சுக்கலாமா சார்?"

"மாமிசம், மீன், முட்டை ஏதாவது இருக்கா?"

"இல்லையே சார்."

"சைவமும் இல்லை, அசைவமும் இல்லை." சேஷகிரி நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் ஒரு விஞ்ஞானியின் சாந்தம் பரவியது. "ஆகாரம் ரெண்டே வகை. இது ரெண்டிலும் இல்லை. ஆகவே இது ஆகாரமே இல்லை."

"சார், நான் சாப்பிட்டேனே!"

"நீர் எதையோ முழுங்கியிருக்கீர். சின்னக் குழந்தை காலணாவை முழுங்கறது. அதுக்காகக் காலணா ஆகாரமாயிடுமா?"

வைத்தீஸ்வரன் மர்பி டவுனுக்கு ஓடினார். ஒரே ஒரு ஸ்பூன் நெய் சேர்த்தால் கடை பிழைக்கும் என்றார். பிரிஜெட் உடனே நெய் ஊற்றிப் பிரட்டிக் கொடுத்தாள். வைத்தீஸ்வரன் ஒரு வாய் போட்டுக்கொண்டார். கண்ணில் ஜலம் வந்துவிட்டது.

"வேண்டாம். நெய் அந்த ருசியையே கொன்னுடுத்து. இந்தப் பாவத்துக்கு நான் உடன்பட மாட்டேன்," என்று தட்டைத் தள்ளினார்.

தியோடர் அந்தத் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். "சோறு இல்ல, சாப்பாடு இல்ல, ஆகாரமே இல்லைன்னா, எங்கப்பா சாகறவரைக்கும் வித்தது இன்னா சார் அப்ப?"

அதற்கும் சேஷகிரியிடம் விடை இருந்தது. நீளமாயிருக்கிறது, மெல்லிதாயிருக்கிறது, சிக்கிக்கொள்கிறது. ஆகவே அது நூல். விஷயம் நூல் தர நிர்ணய இலாகாவுக்கு மாற்றப்பட்டது. அங்கிருந்து கோவிந்தப்பா என்ற கன்னடக்கார அதிகாரி, தராசும் ஸ்கேலும் சாயப்பொடியும் எடுத்துக்கொண்டு வந்தார். நேர்மையான மனிதர். நூல் என்று சொல்லி அனுப்பினால் நூல் என்றுதான் பார்ப்பார்.

"ஏன் ஸ்வாமி, சும்னே இழுத்தாலே அறுந்து போகுதே? இதை யார் நெய்யறது?" என்றார் தியோடரிடம்.

"நெய்யறது இல்ல சார், திங்கறது."

"அது நம்ம இலாகா அல்லா."

கோவிந்தப்பா ஒரு தட்டு நூடுல்ஸை நீலச் சாயத்தில் முக்கி, கொடியில் காயப்போட்டு, மறுநாள் வந்து பார்த்தார். பிறகு எழுதினார்: 'மேற்படி நூல் ஈரத்தில் வலுவற்றது. காய்ந்தால் ஒடிகிறது. சாயம் நன்றாக ஏறுகிறது. ஆனால் காக்கை கொத்துகிறது. உடுத்துவதற்குத் தகுதியற்றது. பொதுமக்கள் இதை வாயில் போட்டுக்கொள்வதில் இவ்விலாகாவுக்கு ஆட்சேபணை இல்லை.'

இப்படியாக மாதக் கடைசிக்கு முன்னாலேயே தியோடருக்குப் பலகை கிடைத்துவிட்டது. மஞ்சள் பலகை. 'நூல் விற்பனை நிலையம்.' கடையை மூடவேண்டாம் என்றதும் பிரிஜெட் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். முதல் நாளே சிவாஜிநகரிலிருந்து ஒரு தையற்காரர் வந்து வெள்ளை நூல் இரண்டு கண்டு கேட்டார். பிரிஜெட் தட்டில் போட்டுக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டு, கை அலம்பி, "கறுப்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருக்கும். ஏகாதசி வந்தது.

அன்று சாயந்திரம் வைத்தீஸ்வரன் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் மனைவி கோமளம் மூக்கைச் சுளித்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு இருந்தவள்.

"ஏன்னா, ஏகாதசியும் அதுவுமா எண்ணெய் வாசனை அடிக்கறதே! எங்கே சாப்பிட்டேள்?"

"நான் சாப்பிடவே இல்லை கோமளம். நூடுல்ஸ் எடுத்துண்டேன். அது ஆகாரமில்லைன்னு சர்க்கார் உத்தரவு."

"வெங்காய வாசனையும் அடிக்கறது."

"வெங்காயம் இல்லை, வெங்காயத்தாள். தாள் ஆகாரமா? எங்க ஆபீஸிலே ரீம் ரீமா கெடக்கு."

கோமளம் கடிகாரத்தைப் பார்த்தாள். விரதம் முடிக்கும் பாரணைக்கு இன்னும் ஒரு ராத்திரி முழுக்க இருந்தது.

"சர்க்காரே சொல்லியாச்சா?"

"டைரக்டர் கையெழுத்தோட."

"அப்போ எனக்கும் ரெண்டு பொட்டலம் வாங்கிண்டு வாங்கோ. ஏற்கெனவே மேலே ஒரு நூல் போட்டுண்டிருக்கேள்; உள்ளேயும் ஒண்ணு போனா என்ன குடி முழுகிடப் போறது?"

அடுத்த ஏகாதசிக்குள் செய்தி மல்லேஸ்வரம் முழுக்கப் பரவிவிட்டது. அதற்கடுத்த ஏகாதசிக்கு மர்பி டவுன் தெருவில் கார்கள் நின்றன. மல்லேஸ்வரம் மாதர் சபையின் தலைவியும் டைரக்டர் சேஷகிரியின் சம்சாரமுமான அலர்மேல்மங்கை, சபையில் ஓர் உபவாச விருந்தே நடத்தினாள். சீனர்கள் இதை இரண்டு குச்சிகளால் எடுத்துக்கொள்வதாக யாரோ சொன்னார்கள். நூல்தானே என்று அலர்மேல்மங்கை இரண்டு பின்னல் ஊசிகளால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மறுவாரம் ஊரில் பின்னல் ஊசி கிடைக்கவில்லை. கையால் எடுத்துக்கொள்கிறவர்களைப் பட்டிக்காடு என்று சொன்னார்கள். வெள்ளி ஊசி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் உரக்கப் பேசினார்கள். முன்பெல்லாம் ஏகாதசிக்கு மட்டும் விரதமிருந்த பெண்மணிகள் சஷ்டி, பிரதோஷம், சங்கடஹர சதுர்த்தி, திங்கள், வியாழன் எல்லாவற்றுக்கும் இருக்க ஆரம்பித்தார்கள். ஊரில் பக்தி பெருகியது. ரவிக்கைகளை எல்லாம் பிரித்துத் தைக்கவேண்டியிருந்தது.

தியோடருக்கு மாவு பிசைந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. "இது ஆகாரமா இருந்தப்ப ஒருத்தன் எட்டிப் பாக்கல பிரிஜெட்டு," என்றார் ஒருநாள், முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே.

இத்தனையிலும் நூடுல்ஸ் கிடைக்காமல் கஷ்டப்பட்டவர் வைத்தீஸ்வரன் ஒருவர்தான். அவர் போகும்போதெல்லாம் சட்டி காலி. மல்லேஸ்வரமே கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஓர் இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்?

அந்தச் சமயத்தில் ஆகார வகைப்பாட்டு இலாகாவில் போராட்டம் வெடித்தது. ஊர் முழுக்க ஓட்டல்களைப் பரிசோதிக்கும் அந்த இலாகாவில் ஊழியர்களுக்கு ஒரு வாய் காப்பி குடிக்க ஒரு கான்டீன் கிடையாது. கான்டீன் வேண்டுமென்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், டைப்பிஸ்ட் நாணு தலைமையில் சாகும்வரை உண்ணாவிரதம் என்று அறிவித்தார்கள். உண்ணாவிரதம் இருக்கிறவர்களுக்குத் தியோடர் கடையிலிருந்து இரண்டு வேளையும் முன்னுரிமையில் நூடுல்ஸ் வரும் என்று நாணு ஏற்பாடு செய்திருந்தான். இத்தனை வருஷ சர்வீஸில் எந்தப் போராட்டத்திலும் சேராத வைத்தீஸ்வரன் பந்தலில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார்.

சாகும்வரை உண்ணாவிரதம் வாரக்கணக்கில் நடந்தது. தினமும் காலையில் சர்க்கார் டாக்டர் வந்து எல்லாரையும் எடை பார்த்து அறிக்கை வெளியிடுவார். 'உண்ணாவிரதம் இருப்பவர்களின் எடை கவலைக்கிடமாக ஏறிவருகிறது' என்று ஒருநாள் எழுதினார். வைத்தீஸ்வரனுடைய இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட இடமில்லை. பந்தலில் மாலை போட வந்தவர்கள் கழுத்துச் சுற்றளவைப் பார்த்துத் தயங்கினார்கள்.

மேலிடத்திலிருந்து சேஷகிரிக்கு டெலிபோன் வந்தது. "உம்ம ஆட்கள் உண்ணாவிரதம் இருக்கிறார்களா, கல்யாணத்துக்கு வந்திருக்கிறார்களா?"

சேஷகிரி அன்று வீட்டுக்கு வந்து, ஊஞ்சலில் உட்கார்ந்து, அலர்மேல்மங்கையிடம் மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு ஒரு திருத்தம் போடப்போறேன். நூடுல்ஸும் ஆகாரந்தான்னு ஒரே வரி. அத்தனை பேர் உண்ணாவிரதமும் அத்தோட காலி."

அலர்மேல்மங்கையின் கையிலிருந்த பின்னல் ஊசி நின்றது.

"அப்போ நான் இத்தனை நாளா இருந்த ஏகாதசி?"

"அதுவந்து..."

"பிரதோஷம்? சஷ்டி? சபையிலே நூத்துக்கணக்கான பேர் என்னை நம்பி விரதம் இருந்திருக்கா. அத்தனை பேர் புண்ணியத்தையும் ஒரு வரியிலே அழிக்கப் போறேளா? அந்தப் பாவம் யார் தலையிலே விடியும் தெரியுமோ? கையெழுத்துப் போட்டவா தலையிலே."

சேஷகிரி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆகாரம் என்றால் வீடு போயிற்று. ஆகாரமில்லை என்றால் ஆபீஸ் போயிற்று. ஆனால் விதி எழுதத் தெரிந்தவனை யாராலும் மூலையில் தள்ளமுடியாது. விடியற்காலையில் அவர் முகத்தில் மறுபடியும் அந்த விஞ்ஞானியின் சாந்தம் பரவியது.

பந்தலுக்குத் தாமே நேரில் வந்து உத்தரவைப் படித்தார்.

'மேற்படி ஊழியர்கள் பல வாரங்களாக ஆகாரம் ஏதுமின்றி உயிர் தரித்திருப்பதோடு, உடல் நலமும் எடையும் பெற்று வருவதாக மருத்துவ அறிக்கைகளால் சந்தேகமற நிரூபணமாகிறது. ஆகவே சர்க்கார் ஊழியர்களுக்கு ஆகாரம் அவசியமில்லை என்று இவ்விலாகா மகிழ்ச்சியுடன் கண்டறிகிறது. ஆகாரம் அவசியமற்றவர்களுக்குக் கான்டீன் அவசியமில்லை. ஆகாரம் உட்கொள்வதற்கென்று அளிக்கப்பட்டு வந்த மத்தியான இடைவேளையும் இன்று முதல் ரத்து செய்யப்படுகிறது.'

நாணு துள்ளி எழுந்தான். எழ முயன்றான் என்று சொல்வதே சரி. இரண்டு பேர் கைகொடுத்தார்கள். "சார், இது அநியாயம்! நாங்க வெறும் வயித்தோடயா இருந்தோம்? ரெண்டு வேளையும் நூடுல்ஸ் சாப்பிட்டோம் சார்!"

"சாப்பிட்டேளா?" சேஷகிரி குனிந்து, மிகுந்த அன்போடு கேட்டார். "அப்படின்னா அது ஆகாரமா?"

நாணு வாயைத் திறந்தான். ஆகாரம் என்று சொன்னால் உண்ணாவிரதம் மோசடி, சஸ்பென்ஷன். ஆகாரமில்லை என்று சொன்னால் உத்தரவு சரி. அவன் வைத்தீஸ்வரனைத் திரும்பிப் பார்த்தான். வைத்தீஸ்வரன் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

பந்தலைப் பிரித்தார்கள்.

நல்ல யோசனை எதுவானாலும் சர்க்காரில் பரவ நாளாகும் என்பார்கள். இது ஒரே வாரத்தில் எல்லா இலாகாக்களுக்கும் பரவியது. காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை எந்த ஆபீஸிலும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கோவிந்தப்பா தமது மேஜை டிராயருக்குள் தலையை விட்டு ராகிமுத்தைக் களியுருண்டையை விழுங்கப்போய்ப் பிடிபட்டார். வழக்கமாகச் சாப்பாட்டு வேளையில் மட்டும் இல்லாமல் போகும் குமாஸ்தாக்கள், பசி மயக்கத்தில் நாள் பூராவும் இல்லாமல் போனார்கள். மனு கொடுக்க வந்த ஜனங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை.

சேஷகிரிக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. அன்று சாயந்திரம் பசியோடும் பெருமையோடும் வீட்டுக்கு வந்தார். இலை போட்டிருக்கவில்லை. அடுப்பு குளிர்ந்திருந்தது.

"அலமேலு, சாதம் எங்கே?"

"எதுக்கு? சர்க்கார் உத்தியோகஸ்தாளுக்கு ஆகாரம் அவசியமில்லைன்னு நீங்கதானே கண்டுபிடிச்சேள்? இன்னிக்கு சபையிலே தீர்மானம் போட்டுட்டோம். மல்லேஸ்வரத்திலே உத்தியோகஸ்தா ஆத்திலே எல்லாம் அடுப்பை மூடியாச்சு. எங்களுக்கும் எத்தனையோ காலமாச்சு, ஒரு சாயந்திரம் சும்மா உட்கார்ந்து."

"அது ஆபீஸ்லே மட்டும்டி!"

"ஆத்திலே மட்டும் நீங்க டைரக்டர் இல்லையா? நேத்திக்குப் பால்காரனை அந்த அதிகாரத்திலேதானே விரட்டினேள்?" என்று சொல்லிவிட்டு அலர்மேல்மங்கை பின்னலை எடுத்துக்கொண்டாள்.

சேஷகிரி தமது வாழ்நாளில் முதல் தடவையாக மர்பி டவுனுக்கு பஸ் ஏறினார். தியோடர் கடை வாசலில் ஒரு பருத்த உருவம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. வைத்தீஸ்வரன். கோமளமும் சபை உறுப்பினர்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பார்க்காதது போல இருந்தார்கள். பிறகு ஒன்றாகவே உள்ளே நுழைந்தார்கள்.

"நூடுல்ஸ் தீந்துபோச்சே சார்," என்றார் தியோடர். "அஞ்சு மணிக்கு எல்லா ஆபீஸும் வந்து மொத்தமா விழுந்துடுச்சு. மாவுகூட இல்ல."

சேஷகிரி பெஞ்சியில் தொப்பென்று உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. அடுக்களையில் ஒரு பானை கொதித்துக்கொண்டிருந்தது. பிரிஜெட் வடித்த சோற்றைத் தட்டில் கொட்டி, கீரைக்குழம்பை மேலே ஊற்றினாள். தியோடர் துண்டை உதறிப் போட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க நூடுல்ஸ் சாப்பிடறதில்லையா?" என்று கேட்டார் சேஷகிரி.

பிரிஜெட் இன்னும் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்து, அவற்றிலும் சோற்றைக் கொட்டினாள்.

"நாங்க இன்னா கவர்மெண்ட் உத்தியோகமா சார் பாக்கறோம்?" என்றாள். "எங்களுக்குப் பசிக்குமே!"